தனித்தனிச் சீட்டு

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

போன மாதம் ஒரு வியாழக்கிழமை நானும் அத்தையும் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்தோம். உங்கள் நாற்காலியில் வேறொரு டாக்டர் இருந்தார். உங்களுக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது என்று மாத்திரை கொடுக்கிற சிஸ்டர் சொன்னார். "சொல்லாமப் போயிருச்சே அந்தப் புள்ள" என்று அத்தை பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கோ, சொல்ல வேண்டியதை நான்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று இருந்தது. மூன்று வருடம் உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாளும் நன்றி என்ற சொல் வாயில் வரவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது அதற்கு நேரம் ஏது?

முகவரி வாங்கித் தனியாகவே எழுதியிருக்கலாம். எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருவர் இரண்டு விதமாக அவதிப்பட்டோம். இருவருக்கும் ஊர் உலகம் தந்தது ஒரே பதில்: "ஒண்ணுமில்ல, மனசுதான்." அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் இப்போதும் ஏராளம். அவர்களுக்கு நீங்கள் அன்று செய்த ஒரு சின்னக் காரியத்தைச் சொல்ல வேண்டும்.

முதல்நாள் நான் அத்தை பெயரில் ஒரே ஒரு ஓ.பி. சீட்டுத்தான் போட்டிருந்தேன். மனநலப் பிரிவில் என் பெயர் பதிவாவதில் எனக்குச் சம்மதம் இல்லை. என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் அம்மா அப்பா யாராவது எப்போதும் அந்த வராந்தாவில் நிற்பார்கள். அத்தையைக் காட்டும்போது என்னுடையதையும் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். "ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்சினைதான் மேடம். எங்க போனாலும் எல்லாம் நார்மல்ங்கிறாங்க" என்றேன். நீங்கள் இரண்டு பேரையும் பேசவிட்டுக் கேட்டீர்கள். அத்தையின் நாடியைப் பிடித்தபடியே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"நான் இப்ப ஒரு மாத்திரை தர்றேன்னு வச்சுக்கங்க. நாளைக்கே தொந்தரவு சுத்தமாப் போயிரும். ஆனா என்ன நோய்னு கடைசி வரைக்கும் தெரியாது. சம்மதமா?"

அத்தை யோசிக்கவே இல்லை. "குடு தாயி. என்ன நோயா இருந்தா எனக்கென்ன, இந்தக் குடைச்சல் போனாப் போதும்."

எனக்கு நெஞ்சு படபடத்தது. என்ன நோய் என்று தெரியாமல் எப்படி இருப்பது? வலி போய்விட்டால் உள்ளே அது சத்தமில்லாமல் வளர்கிறது என்றல்லவா ஆகும்? அதைத்தான் உளறிக்கொட்டினேன். நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள். "டீச்சர், கீழ போயி உங்க பேர்ல ஒரு சீட்டுப் போட்டுட்டு வாங்க. இது ரெண்டும் ஒண்ணு இல்ல."

படி இறங்கும்போது கோபமாக இருந்தது. வரிசையில் நிற்கும்போது அழுகை வந்தது. சீட்டை வாங்கிக் கையில் பிடித்ததும் வந்த ஆறுதல் எனக்கே விளங்கவில்லை. ஒரு வருடமாக நான் ஏறி இறங்கிய இடங்களில் எனக்கு என்ன இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். என்ன இருக்கிறது என்று பார்க்க, என் பெயரில் ஒரு தாளை முதலில் கேட்டவர் நீங்கள்.

என் கதை உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் என்னோடு வேலைக்குச் சேர்ந்த தோழி ஒருத்தி நிணநீர்ப் புற்றுநோயில் போய்விட்டாள். கழுத்தில் நெறி கட்டியதில்தான் அவளுக்கு எல்லாம் தொடங்கியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த இரவு தலை சீவும்போது என் கழுத்தின் வலப்பக்கம் ஒரு பட்டாணி அளவுக்கு ஏதோ விரலில் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து அந்த விரல் அங்கிருந்து எடுபடவில்லை. வகுப்பில் பாடம் எடுக்கும்போதுகூடக் கை தானாகப் போகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கழுத்தின் வலப்பக்கம் சாக்பீஸ் தூளாக இருக்கும். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தேடுவேன். ஸ்கேன் எடுத்தேன். எஃப்.என்.ஏ.சி. என்று ஊசியால் உறிஞ்சி எடுத்தும் பார்த்தார்கள். சாதாரண நெறிதான், பயப்பட ஒன்றும் இல்லை என்று எழுதித் தந்தார்கள்.

முதல் ரிப்போர்ட் எனக்குப் பத்து நாள் நிம்மதி தந்தது. இரண்டாவது மூன்று நாள். மூன்றாவது ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி ஆட்டோ ஸ்டாண்டு வருவதற்குள், "ஊசி சரியான இடத்துல படலேன்னா?" என்று தோன்றிவிட்டது. என் வீட்டுக்காரரிடம் ஒருநாளைக்கு எத்தனை தடவை "ஒண்ணும் இல்லதானே?" என்று கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. அவர் பொறுமையாக "ஒண்ணும் இல்ல" என்பார். அந்தப் பதிலும் ஒரு ரிப்போர்ட்தான், அரைமணி நேரம்தான் தாங்கும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் விளங்கியது.

அத்தையுடையது வேறு. அவர் பதினோரு வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்ச் சட்டத்தில் குச்சி அடுக்கத் தொடங்கியவர். நாற்பது வருடம் அடுக்கினார். தோள்பட்டைக் குடைச்சல், உச்சந்தலையில் காந்தல், வயிற்றுக்குள் பந்து உருளுவதுபோல ஒன்று, விலா எலும்புக்குக் கீழே பிசைகிற மாதிரி ஒன்று, கிறுகிறுப்பு, பாதத்தில் மிளகாய் அரைத்துப் பூசியது போன்ற எரிச்சல். ஒன்று அடங்கினால் இன்னொன்று கிளம்பும். ஆனால் என்ன நோயாக இருக்கும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சாவைப் பற்றிய பேச்சு வந்தால் "வந்தா வரட்டும்" என்பார். கட்டிலில் படுத்தபடி அவர் முனகுவதைக் கேட்டு, இது நடிப்பா என்று மனதுக்குள் நினைத்திருக்கிறேன். என் பட்டாணிக்காக ஊரெல்லாம் அலைந்துகொண்டிருந்த நான்தான் அவரைப் பற்றி அப்படி நினைத்தேன். இதை அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அத்தை சொன்ன சொற்களை நீங்கள் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். குடைச்சல் என்றால் குடைச்சல், காந்தல் என்றால் காந்தல். இரண்டுக்கும் சேர்த்து வலி என்று எழுதவில்லை. எப்போது வரும், எதனால் கூடும், தூக்கத்தில் இருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். பாத எரிச்சலுக்கு வந்ததும் நிறுத்தினீர்கள். "சர்க்கரை எத்தன வருசமா இருக்கு?" அத்தையை நீங்களே கையைப் பிடித்துப் பக்கத்திலிருந்த தொற்றா நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போனீர்கள். அங்கே ஓர் இசைக்கவையைத் தட்டி அவர் கால் பெருவிரல் எலும்பின் மேல் வைத்தார்கள். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒலி பற்றிய பாடத்துக்கு நான் எடுத்துவைப்பதே அதுதான், இது மட்டும் 128 ஹெர்ட்ஸ். "அதிருதாம்மா?" என்றார்கள். அத்தைக்கு எதுவும் தெரியவில்லை. என் கையில் வைத்துப் பார்த்தேன், எலும்பு வரைக்கும் இறங்கியது.

சர்க்கரை நோய் நரம்பைத் தின்றிருந்தது. இரண்டு வருடமாக அந்த எரிச்சலையும் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்து "வயசாச்சு, மனக்கவலை" என்று ஓர் இடத்தில் ஒதுக்கிவைத்திருந்தார்கள். அன்று நீங்கள் சொன்னதை என் சீட்டின் பின்பக்கம் எழுதிவைத்திருக்கிறேன்: "கால் எரிச்சலுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. மத்ததுக்கு இன்னும் தெரியல. தெரியலங்கறதால அது பொய்யாயிராது."

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். பிறகு இதைப் பற்றி எது கிடைத்தாலும் படித்தேன். (பயத்தில் தேடிப் படிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு என்று நீங்களே அனுமதி தந்தீர்கள்.) 1965இல் லண்டனில் எலியட் ஸ்லேட்டர் என்ற மனநல மருத்துவர், 'ஹிஸ்டீரியா' என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்டவர்கள் சில ஆண்டுகளில் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்திருக்கிறார். அவர்களில் பலருக்கு மூளையிலும் நரம்பிலும் உண்மையான நோய் இருந்திருக்கிறது, சிலர் இறந்தும் போயிருந்தார்கள். 2005இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, 1970களிலிருந்து அப்படித் தவறுவது நூற்றுக்கு நான்கு அளவுக்குக் குறைந்துவிட்டது என்கிறது. நான்கு என்பது சிறிய எண்தான். ஆனால் பார்க்கிறவர் முழுதாகப் பார்த்தால்தான் அது நான்காக நிற்கும். அத்தையின் செருப்பைக் கழற்றச் சொல்லி யாராவது பார்க்க வேண்டியிருந்தது.

முதல்நாள் நீங்கள் கேட்ட அந்த மாத்திரைக் கேள்வி எங்கிருந்து வந்தது என்றும் கண்டுபிடித்தேன். உலக சுகாதார நிறுவனம் 1992இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் அத்தையுடையது போன்றதையும் என்னுடையது போன்றதையும் பிரிப்பதற்கு ஏறக்குறைய இதே உரைகல்தான் இருக்கிறது. ஒருவர் தொந்தரவு நீங்கச் சிகிச்சை கேட்கிறார். இன்னொருவர் தொந்தரவுக்குப் பின்னால் இருக்கும் நோய் எது என்று உறுதிசெய்யப் பரிசோதனை கேட்கிறார். ஒருவரின் கவனம் உடம்பு இப்போது படுகிற பாட்டின் மேல் இருக்கிறது, இன்னொருவருடையது வரப்போகிற ஒன்றின் மேல். அத்தையும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அந்த இரண்டு பதிலையும் சொல்லியிருக்கிறோம்.

பெயர்கள் பிறகும் மாறியிருக்கின்றன. என்னைப் போன்றவர்களுக்கு நெடுங்காலம் 'ஹைபோகாண்ட்ரியா' என்று பெயர். விலாவின் குருத்தெலும்புக்குக் கீழே என்று அதற்குப் பொருள். மனச்சோர்வின் ஊற்று அங்கேதான் இருக்கிறது என்று பழைய கிரேக்க மருத்துவத்தில் நம்பியிருக்கிறார்கள். அத்தை கை வைத்துக் காட்டுகிற அதே இடம்! அந்தச் சொல் நாளடைவில் வசைச்சொல்லாகிவிட்டதால், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் அதை எடுத்துவிட்டு இரண்டு வகையாகப் பிரித்தது. உடம்பில் தொல்லை பெரிதாக இருந்து, அதைச் சுற்றி நினைப்பும் கவலையும் நாளெல்லாம் ஓடுவது ஒரு வகை. உடம்பில் தொல்லை ஒன்றுமில்லாமலோ மிகக் கொஞ்சமாகவோ இருந்து, நோய் வந்துவிட்டது, வரப்போகிறது என்ற பயம் மட்டும் பெரிதாக இருப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் ஆறு மாதம் என்று ஓர் எல்லை. பழைய பெயரில் இருந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் முதல் வகைக்குப் போவார்கள் என்று அதே கையேடு சொல்கிறது. வலியும் பயமும் கலந்து கிடப்பவர்கள்தான் அதிகம் என்று இதிலிருந்து தெரிகிறது. எங்களைப் போல இரண்டு சீட்டில் அழகாகப் பிரிகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

அந்தக் கையேட்டில் என்னை நிறுத்திப் படிக்கவைத்தது வேறு ஓர் இடம். அதற்கு முன்பெல்லாம் அத்தையுடையது போன்றவற்றுக்கு 'மருத்துவக் காரணம் இல்லாத' அறிகுறி என்பதுதான் அடையாளம். 2013க்குப் பிறகு அப்படி இல்லை. காரணம் தெரிந்த நோய் இருப்பவருக்கும் இது இருக்கலாம், சர்க்கரை நோயும் இதுவும் சேர்ந்தே இருக்கலாம். அத்தையை அது அப்படியே சொல்வதுபோல் இருந்தது. காரணம் கிடைக்கவில்லை என்பது டாக்டரின் தேடல் நின்ற இடத்தைக் காட்டுகிறது. அதை எடுத்து நோயாளியின் நெற்றியில் ஒட்டுவது என்ன நியாயம்? 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடு என்னுடையதைத் தூக்கி, கை கழுவிக்கொண்டே இருக்கிறவர்கள், பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்கள் பக்கத்தில் வைத்துவிட்டது. முதலில் துணுக்குற்றேன். பிறகு என் விரலை நினைத்துக்கொண்டேன்.

இதே பயம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவிடாமல் செய்கிறவர்களும் உண்டு என்று ஒருநாள் சொன்னீர்கள். அன்றைக்குத்தான் என் அப்பாவைப் புரிந்துகொண்டேன். டி.வி.யில் கேன்சர் என்ற சொல் வந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். கடைசி வரைக்கும் பிரஷர் பார்க்கக் கையை நீட்டியதில்லை. அவரைப் பிடிவாதக்காரர் என்றே நினைத்திருந்தோம்.

இனி என் வைத்தியம். இரண்டாவது வியாழக்கிழமை நீங்கள் தந்த வீட்டுப்பாடத்தை நான் இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சோதனை என்றால் என்னவென்று சொல்லும்போது நினைத்துக்கொள்வேன். "வலப்பக்கம் எத்தன தடவ அமுக்குறீங்களோ, ஒரே ஒரு நாள், இடப்பக்கமும் அத்தன தடவ அமுக்குங்க. எண்ணி எழுதுங்க." எண்ணினேன். மத்தியானத்துக்குள் அறுபத்தேழு. இரவு இடப்பக்கமும் கன்றிப்போய் வலித்தது, தொட்டால் தடித்தது. ஒன்றும் இல்லாத இடம் அது. அந்த வலி என் கையாலேயே வந்தது. ஒரு வருடமாக நான் நோய்க்குச் சாட்சியாக வைத்திருந்த வலியும் அதே கையால் வந்ததுதானா என்று அப்போதுதான் கேட்டுக்கொண்டேன். எந்த ரிப்போர்ட்டும் செய்யாததை அந்த ஒரு நாள் செய்தது.

பிறகு ஒவ்வொன்றாக. போனில் தேடுவது முதலில் நின்றது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, நான் கேட்டால் "டாக்டர் பதில் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொல்லச் சொன்னீர்கள். அவர் பட்டபாடு பெரிது. கல் மனசு என்று அவரைத் திட்டியிருக்கிறேன். பயம் வரும்போது விரலைக் கொண்டுபோகாமல் பத்து நிமிடம், பிறகு இருபது, பிறகு ஒரு மணி நேரம். பயம் ஏறி, நின்று, தானே இறங்குவதைப் பார்த்தேன். அதற்கு முன் அதை இறங்க நான் விட்டதே இல்லை, ஏறும்போதே ஒரு ரிப்போர்ட்டைத் தேடிப் போய்விடுவேன். காலையில் ஒரு ஃப்ளூஆக்ஸிடின் மாத்திரையும் ஒன்றரை வருடம் சாப்பிட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை.

பயத்தை விட்டுவிடு என்று மட்டும் நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதித் தந்தீர்கள். கட்டி இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால், கல் போல இறுகினால், காரணமில்லாமல் எடை குறைந்தால், இரவில் துணி நனைய வியர்த்துக் காய்ச்சல் தொடர்ந்தால் அன்றே வர வேண்டும். இல்லையென்றால் மாதத்தில் முதல் தேதி ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாம். அந்தத் தாள் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. அதில் இருக்கிற எதுவும் எனக்கு வரவில்லை.

பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் என்ற இருவர் 1986இல் எழுதிய கட்டுரையில், ஆறுதல் வார்த்தையே இந்தப் பயத்துக்குத் தீனியாகிவிடுவதை விளக்கியிருக்கிறார்கள். நான் படித்தவற்றில் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது அதுதான். அதே 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்மித் என்பவரும் கூட்டாளிகளும் அத்தையைப் போன்றவர்களுக்கு வேறொன்றைச் சோதித்திருக்கிறார்கள். அவர்களைக் கவனிக்கும் டாக்டருக்கு ஒரே ஒரு கடிதம். நோயாளியைக் குறிப்பிட்ட இடைவெளியில் தவறாமல் வரச்சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும் தொட்டுப் பரிசோதியுங்கள், தேவை தெளிவாகத் தெரிந்தாலொழியப் புதிய டெஸ்ட்டும் அறுவை சிகிச்சையும் வேண்டாம், எல்லாம் உன் தலைக்குள்ளே இருக்கிறது என்று சொல்லாதீர்கள். இவ்வளவுதான். மருத்துவச் செலவு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. நோயாளிகளின் உடல்நிலை அதனால் மோசமாகவும் இல்லை.

அத்தைக்கு நீங்கள் செய்ததும் இதுதான் என்று படிக்கும்போது தெரிந்தது. "வலி இருந்தாலும் வாங்க, இல்லாட்டியும் வாங்க. மூணு வாரத்துக்கு ஒருக்கா." அத்தைக்கு அது புதிதாக இருந்தது. அதுவரைக்கும் வலி பெரிதானால்தான் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம். டாக்டரைப் பார்ப்பதற்கு வலியைக் கூலியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் அந்தக் கூலியை நிறுத்தினீர்கள். வருகிற ஒவ்வொரு முறையும் தோளையும் வயிற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் அதுல சுமதிபால என்பவரும் உடன் வேலை செய்தவர்களும் இப்படிப்பட்ட நோயாளிகளிடம் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்டிருக்கிறார்கள். டாக்டர் ஒழுங்காக நேரம் ஒதுக்கிக் கேட்டுப் பரிசோதிக்கும் முறையான கவனிப்பு, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை என்று அதில் தெரிந்திருக்கிறது. தனியாக மனநலச் சிகிச்சையாளர் கிடைக்காத நம்மைப் போன்ற ஊர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி!

வலி உண்மை என்றால் ஏன் எந்த ஸ்கேனிலும் தெரியவில்லை என்று நான்தான் கேட்டேன். பதிலை அத்தையைப் பார்த்துச் சொன்னீர்கள். "பங்குனிப் பொங்கலுக்குக் குழாய் ரேடியோ கட்டுறாங்கல்ல? பாடுறவங்க மெதுவாத்தான் பாடுறாங்க. ஊருக்கே கேக்குது. பாட்டும் பொய் இல்ல, சத்தமும் பொய் இல்ல. நடுவுல ஒரு பெட்டி இருக்கு, அதத் திருகி வச்சிருக்கு." அத்தை புரிந்துகொண்டு தலையாட்டினார். "அந்தத் திருகைக் கொஞ்சம் எறக்கி வைய்யி தாயி" என்றார். நாற்பது வருடம் குனிந்து அடுக்கிய தோளிலிருந்து செய்தி போகிறது, நரம்பும் மூளையும் அதைப் பெருக்கிக் காட்டுகின்றன. ஆர்தர் பார்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1988இலேயே இந்தப் பெருக்கத்தை அளக்க ஒரு வினாப்பட்டியல் தயாரித்திருக்கிறார். ராத்திரிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் தந்தீர்கள். கால் நரம்புக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து. நல்ல நாளில் வேலையை அள்ளிப்போட்டுக்கொள்ளக் கூடாது, கெட்ட நாளில் படுத்துவிடவும் கூடாது. வீட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் தினமும் நடை, வலித்தாலும் அவ்வளவு, வலிக்காவிட்டாலும் அவ்வளவு.

ஒரு விஷயத்தில் உங்களோடு வாதாடியிருக்கிறேன். அத்தையின் மூத்த மகன் இறந்த துக்கம்தான் இப்படி உடம்பில் வருகிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. நீங்கள் ஒப்பவில்லை. "அதுவும் இருக்கலாம். அதுதான்னு நான் சொல்ல மாட்டேன். அவர் போறதுக்கு முன்னயே தோள் வலி இருந்துச்சுன்னு அம்மாவே சொல்றாங்களே." எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது, ஒரு கதை கிடைத்திருந்தால் எனக்கு நிம்மதி. பல மாதம் கழித்து, நீங்கள் எதுவும் கேட்காத ஒருநாள், மகனைப் பற்றி அத்தையே பேசினார். அரைமணி நேரம் பேசினார். வெளியே வந்து, "வலிக்கும் அவனுக்கும் முடிச்சுப் போடாம கேட்டுச்சு பாரு, அதான் சொன்னேன்" என்றார்.

இவ்வளவையும் வீண் பயம், வீண் புலம்பல் என்று தள்ளுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்வீடனில் நடத்தி 2023 இறுதியில் வெளியிட்ட ஆய்வில், நோய்ப் பயம் என்று பதிவானவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஐந்து ஆண்டு முன்னதாக இறந்திருக்கிறார்கள். நோயை நினைத்து நடுங்கியவர்களுக்குச் சரியான கவனிப்புத்தான் கிடைக்காமல் போயிருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் பீட்டர் டைரர் குழுவினர் 444 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனை, இதற்குச் சிகிச்சை பலிக்கிறது என்று காட்டியது. அதை மிக நன்றாகச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தில் வாரம் ஒருநாள் எங்கள் தாலுகாவுக்கு வந்துபோன உங்களுக்கு அப்படி நான்கு செவிலியர்கள் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வர முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்று வராந்தாச் சுவரில் நீங்கள் ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது.

அத்தைக்கு வலி போய்விடவில்லை. நீங்களும் போகும் என்று சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இப்போது மாரியம்மன் கோயில் வரைக்கும் போய்வருகிறார். புதிய டாக்டரிடம் முதல்நாளே, "கால் எரிச்சல் சக்கரையால. தோளு குடையுறது வேற கணக்கு. ரெண்டயும் ஒண்ணா எழுதிராதிய" என்று சொல்லிவிட்டார். அவர் சிரித்துக்கொண்டு இரண்டு வரியாகத்தான் எழுதினார்.

போன வாரம் என் மகனுக்குச் சளி. குளிப்பாட்டும்போது அவன் கழுத்தில் நெறி கட்டியிருந்தது கையில் பட்டது. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. துண்டால் துடைத்துவிட்டு, நாட்காட்டியில் இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதியைச் சுழித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கும் இருந்தால் காட்ட வேண்டும். இன்று ஒன்பதாம் நாள். இதுவரைக்கும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். நேற்று இரவு மூன்றாவது தடவை கை போனது. அவன் தூக்கத்தில் திரும்பிப் படுத்தான், நான் போர்வையை இழுத்து மூடிவிட்டு விளக்கை அணைத்தேன்.


வியாழக்கிழமை டீச்சர்